பாதிச் சாவி

உயிருள்ளவரை என் எச்சிலை எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். பூட்டுக்கடைக்காரனின் தீர்மானம். லேசில் திறக்காது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். ஆளுக்கொன்றில் துப்பி அனுப்பினால், மரபணுவைப் படித்துப் பார்த்து, முன்னோர் யார், வரப்போகிற நோய் என்ன என்று எழுதி அனுப்புவார்களாம். படித்ததை வேறு யாருக்கு விற்பார்கள் என்று பெட்டியின் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. நான் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"சாவி தொலைஞ்சா பூட்டை மாத்தலாம். உடம்பை மாத்த முடியுமா?" என்றேன் மனைவியிடம்.

"முடிஞ்சா எப்பவோ மாத்தியிருப்பேனே" என்றாள்.

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. கல்யாணமானவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

மறுநாள் கீழ்வீட்டு நர்ஸம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். குழாயே தேவையில்லையாம். குடித்த டம்ளர் போதும், பல் தேய்க்கிற பிரஷ் போதும், தலையணையில் ஒட்டிய முடிகூடப் போதுமாம். "எடுத்து அனுப்பற ஆள் வீட்டுக்குள்ளயே இருக்காங்க. ஜாக்கிரதையா இருங்கண்ணே" என்றார்.

இருந்தேன். என் டம்ளரை நானே கழுவினேன். பிறகு தட்டையும். எது என் தட்டு என்று அடையாளம் தெரியக் கூடாதென்று எல்லாப் பாத்திரத்தையும் கழுவினேன். முடி விழுந்திருக்குமோ என்று வீடு முழுக்கப் பெருக்கினேன். என் தலையணை உறையைத் துவைத்தேன். பிரஷைக் கடை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்து, தினமும் அங்கே போய்ப் பல் தேய்த்தேன். வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்த ஒருவர், மாற்றுச் சாவியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மனைவி சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தாள். சமயம் பார்க்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், என் காபியில் சர்க்கரை இல்லை. கேட்டேன்.

"பொண்ணுக்கு ரிசல்ட் வந்திருக்கு. சர்க்கரை நோய் வர வாய்ப்பிருக்காம். எங்க பக்கம் யாருக்கும் கிடையாது. அப்ப அது யார் கொடுத்த சொத்து?"

"அவ எப்ப எச்சில் கொடுத்தா?"

"நமக்குப் பெட்டி அனுப்பறதுக்கு முன்னாடியே. அவகிட்ட இருக்கறதுல பாதி உங்களோடதுதானே? பாதிச் சாவி கிடைச்சாக்கூட மீதியை அரத்தால ராவிச் செஞ்சிடுவேன்னு கடையில பெருமையடிப்பீங்களே."

குழாய்கள் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே ரெண்டையும் குப்பையில போட்டுட்டேன்."

"அப்ப நர்ஸம்மா சொன்னது?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கும் கை வலிக்குதில்ல."

எழுந்து உள்ளே போனவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றதும் நியாயமாத்தாங்க இருக்கு. எனக்கும் ரகசியம்னு ஒண்ணு வேணும். என் தலையணை உறையையும் ஊறப் போட்டிருக்கேன்."

துவைத்தேன். ஒரு முடிகூட வெளியே போகவில்லை.