இளநீரோடு வந்த புகார்

விமானம் பறந்துகொண்டிருந்தபோதுதான் வேலியோரம் ஒருவர் வந்து நிற்பதை ஹரிதா பார்த்தாள். பார்த்த மறுகணம் அவர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவர் நகரவில்லை. சுற்றியது ஹரிதாதான். அது கம்பியில் ஓடும் குட்டி விமானம். இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், அவற்றின் முனையில் ஒரு பிடி, பிடியைப் பற்றியபடி வட்டத்தின் நடுவில் ஹரிதா. மணிக்கட்டை மேலே சாய்த்தால் விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். நினைத்த நேரத்தில் நிறுத்த மட்டும் வழி கிடையாது. டேங்கில் எண்ணெய் தீரும்வரை கூடவே சுற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் அலறிய அலறலில் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. சைகைகள் மட்டும் சுற்றுக்கு ஒன்றாக வந்தன. ஒரு சுற்றில் அவர் காதைத் தொட்டுக் காட்டினார். அடுத்ததில் வேலிக்கு அந்தப் பக்கம் உழுதிருந்த தன் காட்டைக் காட்டினார். அதற்கடுத்த சுற்றில் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

ஹரிதா சேர்த்துப் படித்துக்கொண்டாள். சத்தம். எங்கள் காடு வரைக்கும். தாங்க முடியவில்லை.

இப்படிப் படிப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மைதானத்தில் ஓட்டினாள். பக்கத்து கிளினிக்கிலிருந்து ஆள் வந்தது. போத்தனூரில் ஓட்டினாள், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் லுங்கியோடு வந்தார்கள். கடைசியில் கிடைத்தது அன்னூருக்கு வெளியே இந்தத் தரிசு நிலம். அவள் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியின் டெஸ்டிங் லேபுக்குப் பக்கம். தினமும் காலையில் ஓட்டிவிட்டு அப்படியே டூட்டிக்குப் போய்விடலாம். திருப்பூரில் இருக்கும் நிலத்துக்காரர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் சங்கடப்படக் கூடாது.

அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்தான் இப்போது வேலியோரம் நின்றார். பெயர் பொங்கியண்ணன்.

எண்ணெய் தீர்ந்து விமானம் தரையில் உருண்டு நின்றதும் ஹரிதா லேசாகத் தள்ளாடிக்கொண்டே போனாள். அவர் கையில் இரண்டு இளநீர் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, சாப்டீங்களா?"

"ஆச்சுங்ணா. சத்தம் ரொம்ப அதிகங்களாண்ணா?"

பொங்கியண்ணன் தயங்கினார். அதிகம் பழகாத பெண்பிள்ளையிடம் வந்ததும் வராததுமாக விஷயத்தைப் பேசிவிடுகிற மனிதர் அல்ல அவர்.

"சத்தம்... நல்லாக் கேக்குதுங்க. ஊடு வரைக்கும் கேக்குதுங்க. அதான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு..."

"கொறைச்சர்றேங்ணா."

"இல்லீங்க அம்மணி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"புரியுதுங்ணா. நீங்க சங்கடப்படாதீங்க. நானே பாத்துக்கறேன்."

 அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். இளநீரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

லாஸ்யா ஸ்கூட்டரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். லேபில் பக்கத்து மேஜைக்காரி. தினமும் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் வருவதும், புறப்படும்போது அதன் வாலைப் பிடித்து விடுவதும் அவள் வேலை.

"கம்ப்ளெய்ன்ட் பண்ண வர்றவங்க யாராச்சும் இளநி கொண்டாருவாங்களாடி?"

"இந்தப் பக்கம் கொண்டாருவாங்க."

லாஸ்யா ஒரு இளநீரை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தாள்.

"மயிலே பயந்து ஓடுது. மனுசன் என்ன பண்ணுவாரு, பாவம்" என்றாள் ஹரிதா. எஞ்சின் கிளம்பியதும் சுற்றுவட்டார மயில்கள் எல்லாம் கத்திக்கொண்டு குட்டைக்கு அந்தப் பக்கம் பறந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

முதலில் சைலன்சர் போட்டாள். சத்தம் குறைந்தது, ஆனால் மூக்கில் எடை கூடியது. அதைச் சரிக்கட்ட வாலில் ஈயத் துண்டு வைத்தாள். மொத்த எடை ஏறியதால் விமானம் மெதுவாகிக் கம்பி தொய்ந்தது. கம்பி தொய்ந்தால் பிடி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விமானத்துக்குத் தெரியாது. அது தன் விருப்பப்படி ஒரு முறை ஹரிதாவை நோக்கியே வந்தது. லாஸ்யா ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கம்பி இழுபட்டே இருப்பதற்காக வெளி இறக்கையின் முனையிலும் எடை வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் மயில்கள் இப்போது குட்டை வரைக்கும் போகவில்லை. வேலி வரைக்கும்தான் ஓடின. ஹரிதாவுக்கு அது நல்ல அளவுகோலாகப் பட்டது. லேபில்கூட இவ்வளவு நேர்மையான மீட்டர் கிடையாது.

பொங்கியண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை ஒரு குலை இளநீர்.

"ரெண்டு மூணு நாளா உங்க பிளேன் சத்தமே கேக்கலீங்களே அம்மணி. ஊருக்கேதும் போயிட்டீங்களோன்னு..."

"தினமும் வந்துட்டுத்தானுங்ணா இருக்கறேன். சைலன்சர் போட்டுட்டேன்" என்றாள் ஹரிதா, கொஞ்சம் பெருமையாக.

"அப்படீங்களா" என்றார் அவர். அந்த 'அப்படீங்களா'வில் சந்தோஷம் இல்லை. ஹரிதா உடனே கவனித்துவிட்டாள். இன்னும் கேட்கிறது போலிருக்கிறது.

அடுத்து பெரிய புரொப்பெல்லர் மாட்டினாள். பெரிது மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் இரைச்சல் குறையும். கணக்கு சரியாக இருந்தது. புரொப்பெல்லர்தான் தரையில் இடித்தது. சக்கரங்களின் கால்களை உயர்த்தினாள். விமானம் கொக்கு மாதிரி நின்றது. இறங்கும்போதெல்லாம் குப்புற விழுந்தது. மயில்கள் வேலியை விட்டு உள்ளே வந்து, தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன.

பொங்கியண்ணன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். வரப்பில் உட்கார்ந்தார். மகன் பெங்களூரில் இருப்பதையும், வீட்டில் தானும் மனைவி பொற்கொடியும் மட்டும்தான் என்பதையும் சொன்னார். ஹரிதாவின் அப்பாவைப் பற்றி விசாரித்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, "இதுக்கு மேல கொறையாதுங்களே?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டது ஹரிதாவை அன்று முழுவதும் உறுத்தியது. எவ்வளவு பொறுத்துப் போனால் ஒரு மனிதர் இப்படிக் கேட்பார்?

"எஞ்சினையே கழட்டிட்டு மோட்டார் போட்டுடறேன். பேட்டரில ஓடறது" என்றாள் லாஸ்யாவிடம்.

லாஸ்யா முருங்கைக்காய்களை இரண்டு வீட்டுக்கும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். "வேண்டாண்டி. வீட்டுல நீ பேசினா யாருக்கும் கேக்காது. லேபுல மீட்டிங்ல நீ சொன்னதையே பக்கத்துல இருக்கறவன் திருப்பிச் சொல்லிப் பேர் வாங்கிட்டுப் போறான். நீ போடற ஒரே சத்தம் அந்த எஞ்சின்தான்."

"இந்த எடமும் போச்சுன்னா அப்புறம் பறக்க எங்க போறது?"

லாஸ்யா முருங்கைக்காய்களை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

முதல் சம்பளத்தில் வாங்கிய எஞ்சின். ஹரிதா அதைக் கழற்றித் துடைத்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி உள்ளே இறக்கி மூடினாள். 

மோட்டார் போட்ட விமானம் அடுத்த வாரம் பறந்தது. ஈயம் இல்லை, கொக்குக் கால் இல்லை. சீராக, அழகாகப் பறந்தது. புரொப்பெல்லர் காற்றை அறுக்கும் மெல்லிய ஓசை மட்டும். மயில்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒன்று விமானம் சுற்றும் பாதைக்கே நடந்து வந்து, விமானம் அதன் தலைக்கு மேல் போனபோது சும்மா நின்றது.

வேலியோரம் பொங்கியண்ணன் வந்தார். இந்த முறை கையில் எதுவும் இல்லை. கூட ஒரு பெண்மணி. அவர் மனைவி பொற்கொடியாகத்தான் இருக்க வேண்டும். பொற்கொடி வேலியோரம் நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டத்தின் விளிம்பு வரைக்கும் நேராக நடந்து வந்தார். கை நிறைய ஏதோ வாடிய செடிகள்.

ஹரிதாவால் நிறுத்த முடியவில்லை. பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது. சுற்றிக்கொண்டே, "வாங்க்கா" என்றாள்.

"வாரேன் கண்ணு. இருக்கட்டும், நீ சுத்து."

அப்போதுதான் ஹரிதாவுக்கு உறைத்தது. விமானம் பறக்கும்போது ஒருவர் பேசுவது இந்த நிலத்தில் முதன்முறையாகக் காதில் விழுகிறது. பொற்கொடியின் முகம் போய்ப் போய் வந்தது. குரல் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்றூட்டுக்காரரு விசயத்தச் சொன்னாருங்களா?"

"சொன்னாருங்க்கா. அதான் சுத்தமாக் கொறைச்சுட்டேன். பாருங்க, மயில்கூட இப்ப அசையறதில்லை."

பொங்கியண்ணன் வேலியோரம் தலையில் கை வைத்துக்கொண்டதை அந்தச் சுற்றில் பார்த்தாள்.

"எளநியக் குடுத்துப்போட்டு, சொல்லிட்டேன் சொல்லிட்டேன்னு வந்து நின்னாரு. நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பொற்கொடி.

"இன்னும் சத்தம் கேக்குதுங்களாக்கா? வேணும்னா புரொப்பெல்லர..."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாஞ் சாமி" என்று பொற்கொடி கையிலிருந்த செடிகளைத் தூக்கிக் காட்டினார். வேரோடு கிளறிப் போடப்பட்ட கடலைச் செடிகள். "மயிலுக்குப் பயந்து மூணு வருசமாத் தரிசாப் போட்டிருந்த காடு கண்ணு. உன்ற பிளேன் சத்தத்த நம்பித்தான் இந்த வருசம் கடலைக்காயே வெதச்சோம்."