அடைகாக்காத இனம்

உயிர்களைப் படைத்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். படைத்தது சரிதானா என்று பார்த்து ஒப்புதல் வழங்குவது எங்கள் ‘வாத்தினத் தூய்மை ஆய்வுக் குழு’தான். அதன் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓட்டவாத்தின் இலக்கணம் எங்கள் ஏட்டில் இருக்கிறது. பாட்டிலை நிறுத்திவைத்தாற்போல, அறுபது டிகிரிக்குக் குறையாமல் நிமிர்ந்து நிற்கும். ஆடி அசைந்து நடக்காது, ஓடும். முதல் வாத்து திரும்பினால் மொத்தக் கூட்டமும் திரும்பும். (இந்தக் குணத்துக்கு எங்கள் கூட்டத்தில் எதிர்ப்பே இல்லை. தலைவர் கை தூக்கினார், எல்லோரும் தூக்கினோம்.) விதி ஏழு: போகிற போக்கில் முட்டையிடும், அடைகாக்காது.

அன்று காலை தலைவர், கால்நடை மருத்துவர், அளவெடுக்கும் அளவையாளர், நான் என நால்வரும் ஆய்வுக்குப் போன கொட்டகையில் முப்பது வாத்துகள் ஏட்டின்படியே நின்றன. முப்பத்தோராவது, மூலையில் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தது.

“அது என்னம்மா பண்ணுது?” என்றார் தலைவர்.

“அடை உக்காந்திருக்கு சார்,” என்றாள் வாத்துக்காரம்மா. “பதினோரு முட்டை. இன்னும் மூணே நாள்.”

“இந்த இனம் அடை உக்காராதே!”

“உக்காராதுதான் சார். வருஷா வருஷம் கோழிக்கு அடியில வெச்சுத்தான் பொரிப்பேன். இது ஒண்ணுதான் தானா உக்காந்துச்சு. கண்ணு பட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லல.”

“அப்ப இது கலப்பு,” என்றார் மருத்துவர்.

“இல்லேன்னா, இது உக்காரல,” என்றார் அளவையாளர்.

இரண்டுமே கனமான கருத்துகள். பதிவு செய்துகொண்டேன்.

ஒரு வாத்து கலப்பென்றால் கூட்டமே கலப்பு. கலப்புக் கூட்டத்துக்கு ஏரிக்கரையில் மேய இடம் கிடையாது. வாத்துக்காரம்மா வாத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“எழுப்புங்க, நிக்கிற கோணத்தைப் பாத்துடலாம்,” என்று அளவையாளர் தன் மகளின் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தார்.

“வேண்டாம் சார்! மிரண்டா திரும்பி வராது. அதோட சுபாவம் அப்படி.”

“அந்தச் சுபாவமும் ஏட்டுல இருக்கும்மா,” என்றார் தலைவர் பரிவோடு.

எழுப்பினோம். கூண்டில் நிறுத்தினோம். அளவையாளர் அறுபத்தெட்டு டிகிரி என்றார். மருத்துவர் அறுபத்தாறு என்றார். வால் எங்கே முடிகிறது என்பதில் கொள்கை வேறுபாடு எழுந்தது. தேநீர் வந்தது. துணைக்குழு அமைந்தது. சாப்பாட்டு நேரமும் வந்து போனது.

வாத்துக்காரம்மா வைக்கோல்மேல் குனிந்து, முட்டைகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

“சில்லுனு ஆகுது சார்… சீக்கிரம் விடுங்க சார்…”

“உங்க நல்லதுக்குத்தானேம்மா பாடுபடறோம்? கையை எடுங்க, கையெழுத்து போடணும்.”

மாலை நான்கு மணிக்கு அறுபத்தேழு என்று ஏகமனதாக முடிவாயிற்று. தூய இனம்! ஏரிக்கரை அவளுக்கே. கூண்டைத் திறந்தோம். வாத்து வைக்கோல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தோடு வரிசையாகத் தண்ணீருக்கு ஓடியது.

“பாத்தீங்களா, அச்சு அசல்!” என்று தலைவர் பூரித்தார்.

ஒரு வாரம் கழித்து விசாரித்தேன்.

“ராத்திரி கோழிக்கு அடியில வெச்சும் பாத்தேன். பதினொண்ணும் போச்சு சார்,” என்றாள்.

விதி ஏழின் பக்கத்தில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதினேன். பொறாமைக்காரர்கள் ஆயிரம் சொல்லட்டும், எங்கள் ஏடு இதுவரை பொய்த்ததே இல்லை. நாங்கள் ஆய்வு செய்து முடித்த எந்தக் கொட்டகையிலும் இந்த இனம் ஒரு குஞ்சுகூடப் பொரித்தது கிடையாது.