பழைய ஒளியும் கடமை தவறாத சாவடியும்

பிரபஞ்சத்தில் ஒளியைத் தடுத்து நிறுத்தும் வல்லமை இரண்டுக்கே உண்டு. ஒன்று கருந்துளை. மற்றது, பாலக்காட்டுக் கிழக்கெல்லையில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு சோதனைச் சாவடி. கருந்துளையை நான் பார்த்ததில்லை. வாடகைக் கார் ஓட்டுவதால் சாவடியை அடிக்கடி பார்க்கிறேன்.

அன்று என் காரில் வந்தவர் யோகப்பிரியா, எங்கள் ஊர்த் தென்னந்தோப்புக்காரர் மகள். எங்கோ தொலைவில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் விண்மீன் மண்டலங்களின் ஒளியை அளந்து, அவை எப்படி வளர்ந்து மூப்படைந்தன என்று ஆராய்பவர். மாலையில் கோவையில் நிபுணர் குழுவிடம் அதை விளக்க வேண்டும். விளக்கினால்தான் பெரிய தொலைநோக்கியில் இடம் கிடைக்கும். அளந்ததெல்லாம் அவர் மடியிலிருந்த ஹார்டு டிஸ்கில் இருந்தது.

சாவடி அதிகாரி ஜின்சன் சார் இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். கடமை என்றால் உயிர்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"வெளிச்சமுங்க."

"எந்த ஊரு வெளிச்சம்?"

"ரொம்பத் தொலைவுங்க. பொறப்பட்டு ஐந்நூறு கோடி வருசம் ஆச்சுங்க."

ஜின்சன் சார் யோசித்தார். "நூறு வருசம் தாண்டினாலே புராவஸ்துதான். பழம்பொருள எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி வேணும். வண்டிய ஓரங்கட்டச் சொல்லும்மா."

ஐந்நூறு கோடி ஆண்டுகளாக யாரும் கை காட்டி மறிக்காத ஒளி, அன்று 'முறைப்படி' ஓரங்கட்டப்பட்டது.

யோகப்பிரியாவுக்குப் பொய் வராது. ஆகவே விளக்கினார்.

"ஒரே கொத்தை நீலப் படம் ஒண்ணு, செவப்புப் படம் ஒண்ணு எடுப்போமுங்க. நீலம் தூக்கலா இருந்தா எளசுங்க. செவப்புன்னா வயசானது."

ஜின்சன் சார் டீயைக் கீழே வைத்தார். "நீலப் படமா? எத்தன பேரு இருக்காக?"

"ஒரு மண்டலத்துலயே பத்தாயிரம் கோடி இருக்குமுங்க."

"அம்புட்டும் ஒரே எடத்துலயா?"

"அதனாலதானுங்க கொத்துன்னு சொல்றது."

'பண்பாட்டுப் பாதுகாப்பு' கருதி டிஸ்க் மேசை டிராயருக்குள் போனது. மேலதிகாரிக்குத் தகவல் போனது. மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வெயில் சாயும் வரை சாப்பிட்டார்.

பிறகு யோகப்பிரியாவின் கைபேசி ஒலித்தது. கேட்டுவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"என்னாச்சு அம்மிணி?"

"குழு கெளம்பிப் போயிருச்சுங்ணா. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாமா."

மூன்று வருட உழைப்பு. அப்போதுதான் ஜின்சன் சார் டிஸ்கோடு வந்தார்.

"கடைசியாக் கேக்கேன். இதுல என்னம்மா இருக்கு?"

யோகப்பிரியா அவரையே பார்த்தார். "எங்கக்கா கல்யாண வீடியோங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா." டிஸ்க் கைக்கு வந்தது. பெண் மாப்பிள்ளைக்கு வாழ்த்தும் வந்தது.

நான் காரைக் கிளப்பும்போது, தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று எங்கள் பின்னால் வந்து நின்றது. பாயின் ஓரத்தில் ரத்தம் காய்ந்த கட்டுத்துணியும் குளுக்கோஸ் குழாய்களும் தொங்கின.

"என்ன லோடு?"

"கோழித்தீவனம் சார்."

"போகலாம்."

ஜின்சன் சார் ஏமாந்துவிட்டார் என்று சிலர் பேசுகிறார்கள். அபாண்டம். அந்த லாரி சாலைத் திருப்பத்தில் தலைகாட்டும் முன்பே அவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்.