காலி சாரும் கூழு கேட்டு வந்த அம்மாவும்

ஜவ்வாது மலையில் குழாய் மாதிரி எது இருந்தாலும் அதற்குள் குண்டு இருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் காலி சார்தான்.

வனத்துறையில் எங்களுக்குச் சுடும் பயிற்சி கொடுப்பவர். துப்பாக்கியை வாங்கியதும் திறந்து காட்டி "காலி" என்று சொல்ல வேண்டும். மறந்தால் அன்றைக்குத் துப்பாக்கியே கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். ஷேர் ஜீப்பில் பக்கத்துச் சீட்டுக்காரரின் குடையைக்கூட முனை தரையைப் பார்க்கத் திருப்பி வைப்பார். புதூர்நாட்டுக் கல்யாணம் ஒன்றில் நாயனக்காரரையே கீழே பார்த்து ஊதச் சொல்லிவிட்டார். பாவம், அவரும் முகூர்த்தம் முடியும்வரை தரைக்குத்தான் வாசித்தார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடியில் எனக்குச் சுடும் தேர்வு. தேறாவிட்டால் ரோந்து வேலையிலிருந்து தூக்கித் திருப்பத்தூர் ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கோ காடுதான் உயிர். மண்மேட்டுக்கு முன்னால் இலக்கு அட்டை, மேட்டின்மேல் சிவப்புக் கொடி. படுத்துச் சுட்டேன். என்ன அதிர்ஷ்டமோ, எல்லாம் நடு வட்டத்தில் விழுந்தன. கடைசிக் குண்டுக்கு மூச்சை அடக்கினேன்.

"நிறுத்து!"

பார்த்தால், மேட்டின்மேல் ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. நாய்தானே சார், விரட்டிவிட்டுச் சுடுகிறேன் என்று கெஞ்சினேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து சுட வேண்டும் என்பது அவர் சட்டம்.

"நாய் தனியா வராதும்மா. விரல வெளிய எடு. குண்டக் கழட்டு."

கழற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு "காலி" என்றேன். அப்போதுதான் நாய்க்குப் பின்னால், இலக்கு அட்டைக்கு நேர் மேலே, ஒரு தலை முளைத்தது. அப்புறம் கையில் தூக்குவாளியோடு ஒரு மலைக்கிராமத்து அம்மா முழுசாக ஏறி வந்தார். ஆடி மாசத்தில் கொடியும் கட்டி வேட்டுச் சத்தமும் கேட்டால் எங்கள் பக்கம் அம்மன் கோயில் திருவிழாதானே!

"இன்னாங்க, கூழு இன்னும் ஊத்தலியா?"

காலி சார்தான் போய்க் கையைப் பிடித்து இறக்கி, தன் டிபன் பாக்ஸ் தயிர்சோற்றை அந்த வாளியில் கொட்டிக் கொடுத்து அனுப்பினார்.

மறுபடி சுட்டேன். அட்டைக்கு மேல் அந்த அம்மாவின் தலையே தெரிந்துகொண்டிருந்ததில் மண்மேடுதான் செத்தது. இப்போது திருப்பத்தூரில் ஃபைல் புரட்டுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவது அந்த மனுஷனால்தான். சுடும் பயிற்சி என்று கேள்விப்பட்டால் லீவு போட்டுவிட்டு மலையேறுகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஓரமாக உட்கார்ந்து, அவர் யாரையாவது திட்டுவதைக் கேட்டுவிட்டு இறங்கி வருகிறேன்.