மெதுவாகப் பேசினால் அது இங்கிலீஷா?

ஊவா மாகாணத்திலேயே இங்கிலீஷைக் கண்டு பயப்படாத தமிழன் ஒருவர் உண்டென்றால் அது கமான் அப்புதான். எந்த இடத்திலும், எந்த வெள்ளைக்காரன் முன்னாலும் அவர் பயந்ததே கிடையாது. பயந்ததெல்லாம் எதிரில் நின்றவர்கள்.

நான் அதற்கு நேர் எதிர். பதுளையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கொழும்பிலிருந்து போன் வந்து, அந்தப் பக்கம் ஒரு குரல் "குட் மோர்னிங்" என்று ஆரம்பித்தால் போதும், ரிசீவரைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்படியே எத்தனை நாள் ஓடுவது என்று, பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் அப்புவைப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னால், மாடிப்படியிலேயே கேட்டேன்.

அப்பு என்பது பெயர் இல்லை, உத்தியோகம். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் துரைக்குச் சமைத்துப் போடுகிறவரை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பேசினாலும் "கமான்!" என்று தொடங்குவதால் முன்னால் அந்தப் பட்டமும் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

தமிழில் அவரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. வீட்டில் கட்டியிருக்கும் ஆட்டைக்கூட "வாங்க, சாப்புடுங்க" என்றுதான் அழைப்பார். இங்கிலீஷுக்கு மாறினாரோ, ஆளே வேறு. முதுகு நிமிரும். ஒரு கை இடுப்புக்குப் போகும். மோவாய் மேலே ஏறும். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும் பாருங்கள், கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவன் கேட்டால் சாக்கைப் போட்டுவிட்டு ஓடுவான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் வேலை பார்த்த துரைக்கு மூன்று பாஷையும் வரும். சந்தோஷமாக இருந்தால் தமிழோ சிங்களமோ பேசுவார். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். கணக்குப்பிள்ளையைத் திட்டும்போது இங்கிலீஷ், போனில் கொழும்புக்காரனோடு சண்டை பிடிக்கும்போது இங்கிலீஷ், காலில் மாட்டுகிற சப்பாத்தை நாய் கடித்தால் அதற்கும் இங்கிலீஷ். ஆயுசுக்கும் அடுப்பு வேலைக்கு இடையே குசினிக் கதவோரம் நின்று அதைக் கேட்டுக் கேட்டு, வார்த்தைகளையும் அர்த்தங்களையும் அப்பு சரியாகவே பிடித்துக்கொண்டார். கூடவே அந்தச் சத்தத்தையும் பிடித்துக்கொண்டார். சத்தமும் பாஷையில் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார்.

முதல் நாள் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அப்பு எழுந்து, கையை இடுப்பில் வைத்து, "கமான்! ஐ ஆம் குக்! ஐ லிவ் இன் தெமோதரை!" என்றார். கீழே பேக்கரியில் பணிஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

எங்கள் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சுண்டுவிரல் உயரத்துக்குக்கூடக் குரலை உயர்த்தாதவர்.

"ஐயா, ஏன் இப்பிடிக் கத்துறியள்? மெல்லமாச் சொல்லுங்கோவன்."

அப்பு பணிவாகத் தமிழில் சொன்னார். "மெதுவா பேசுனா அது இங்கிலீசு இல்லீங்களே மிஸ். எங்க தொர மெதுவா பேசி நான் கேட்டதே இல்லீங்க."

அந்த வகுப்பில் இலக்கணத்தைவிடச் சம்பாஷணைப் பயிற்சிதான் அதிகம். தபால் கந்தோரில், கடையில், டொக்டரிடம் என்று ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் இரண்டிரண்டு பேர் எழுந்து நடித்துக் காட்ட வேண்டும். அப்புவோடு ஜோடி சேர ஒருவரும் முன்வரவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து ஒளிந்திருந்த நான் அகப்பட்டேன். நான் டொக்டர், அவர் நோயாளி. "கமான்! ஐ ஹேவ் ஃபீவர்! கிவ் மெடிசின்! குயிக்!" என்றார் நோயாளி. டொக்டராகிய நான் எழுந்து நின்று, "சொரி, சார்" என்றேன். தபால் கந்தோரில், கையில் இல்லாத முத்திரையை நான் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன். கடையில் நான்தான் வாடிக்கையாளன். ஆனாலும் சாமானை வாங்காமல், மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அவர் ஏன் அங்கே வருகிறார் என்று தெரியும்வரை. ஒருநாள் வகுப்பு முடிந்து கீழே தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்.

அவருடைய மகள் கலா, எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஹோட்டல் வேலை பார்த்தவள். தோட்டத்து ஓரமாகக் கிடைத்த காணியில் கட்டிய வீட்டோடு இரண்டு அறைகளை ஒட்டி, வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஹோம்ஸ்டே ஒன்றை ஆரம்பித்தாள். சமையலுக்கு அப்பாவைவிட வேறு ஆள் எதற்கு? முதல் விருந்தாளிகள் வந்தார்கள். அப்பு வாசலுக்கு ஓடிப் போய், உள்ளம் குளிர வரவேற்றார். "கமான்! சிட்! ஈட்! மோர்! ஈட் மோர்!" அவர்கள் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், மேலும் சாப்பிட்டார்கள். விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மத்தியானமே இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்கள்: "சாப்பாடு அருமை. ஆனால் எங்களைக் கைது செய்தது போல இருந்தது."

அடுத்து வந்தவர்களும் ஏறக்குறைய அதையே எழுதினார்கள். அதற்கு அப்புறம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கலா அழுதுகொண்டே சொன்னாளாம். "அப்பா, நீங்க சமைங்க. ஆனா இங்கிலீசு மட்டும் பேசாதீங்க. மெதுவா பேசக் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்."

அன்றிலிருந்து அப்பு குசினி ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு அந்த வாயே வினையாகிவிட்டது.

"சோத்தப் போட்டுட்டு, நல்லா இருக்கான்னு ஒரு வார்த்த கேக்காம எப்புடி தம்பி இருக்கிறது? ஆட்டுக்குத் தழ போட்டாக்கூட நான் ரெண்டு வார்த்த பேசுவேன்" என்றார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதற்கு அப்புறம் எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. சரி, கொஞ்சமாக வந்தது.

மிஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். "ஐயா, ஆட்டோட கதைக்கிற மாதிரியே இங்கிலீஷையும் கதையுங்கோ. எதிரில நிக்கிறது ஆடு எண்டு நினையுங்கோ." பயிற்சிக்கு ஆடாக நியமிக்கப்பட்டவன் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து வேலை செய்தது. அளவுக்கு மீறி வேலை செய்தது. அப்பு ரகசியம் பேசுவது போல இங்கிலீஷ் பேச ஆரம்பித்தார். பஸ்ஸில் கண்டக்டரின் காதோரம் குனிந்து "எக்ஸ்கியூஸ் மி, ப்ளீஸ், தேங்க் யூ" என்று மூச்சுக் காற்றாலேயே சொன்னார். கண்டக்டர் கூச்சப்பட்டு நகர்ந்தான். வகுப்பில் மிஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இப்ப எனக்கு ஒண்டுமே கேக்கேல்ல, ஐயா" என்றார். ஆனாலும் அப்பு விடவில்லை. "வுட் யூ லைக்", "மே ஐ", "இஃப் யூ டோன்ட் மைண்ட்" எல்லாம் பாடமாக்கினார். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"தம்பி, ஒரு தேத்தண்ணி வேணுமான்னு கேக்குறதுக்கு இவ்வளவு தூரம் சுத்திக்கிட்டு வரணுமா? தெமோதரையில ரயிலே ஒரு சுத்துத்தான சுத்துது!"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெமோதரை ஸ்டேஷனை விட்டுப் பதுளைக்குக் கிளம்பும் ரயில், மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் புகுந்து வெளியே வரும். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்க்கவே அங்கே வருகிறார்கள்.

கடைசியில் பரீட்சை நாள் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு புருஷனும் பெண்சாதியும் தங்க வந்திருந்தார்கள். அப்பா பேசலாமா, கூடாதா என்று அன்று முடிவு செய்வதாகக் கலா சொல்லியிருந்தாள். மிஸ்ஸையும் என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். இவர்களும் அதையே எழுதிவிட்டுப் போனால் அறைகளைப் பூட்டிவிட்டு மறுபடி ஹோட்டல் வேலைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

அப்பு வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்தார். அந்தப் பெண்மணியின் முன்னால் குனிந்து, "குட் ஆஃப்டர்நூன், மேடம். வுட் யூ லைக் எ கப் ஒஃப் டீ?" என்றார். மெதுவாக. கேட்கிற அளவுக்கு மெதுவாக. மேடம் சிரித்து, நன்றி சொன்னாள். கலாவின் முகத்தில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. மிஸ் என் கையைக் கிள்ளினார். என் சொந்தப் பிள்ளை பாஸ் பண்ணியது போல எனக்கு நெஞ்சு விம்மியது.

புருஷன்காரனை எங்கே என்று தேடினால், அவன் வேலி இடுக்கு வழியாகத் தோட்டத்துப் பக்கம் போய் நிற்கிறான். பின்னால் மலை தெரிய ஒரு செல்ஃபி வேண்டுமாம். நீளக் குச்சியை உயர்த்திப் பிடித்திருக்கிறான். அந்த இடத்தில் ஒரு சவுக்கு மரம். அந்த மரத்தில், கொழுந்து எடுக்கிற பெண்கள்கூடக் கிட்டப் போகாத ஒரு குளவிக்கூடு. குச்சியின் நுனி கூட்டைத் தொட இன்னும் ஒரு சாண்தான்.

அப்பு பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். "எக்ஸ்கியூஸ் மி, சார்..." என்றார். ஆட்டுக்குச் சொல்கிற குரலில். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஐ ஆம் அஃப்ரெய்ட்... இஃப் யூ டோன்ட் மைண்ட்..." குச்சி இன்னும் மேலே போனது. அப்பு கலாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு தட்டத்தைக் கீழே வைத்தார். கை இடுப்புக்குப் போனது. மோவாய் ஏறியது.

"ஹேய்! யூ! ஸ்டாப்! ஸ்டிக் டவுன்! லை டவுன்! டோன்ட் மூவ்!"

மலை அதிர்ந்தது என்று எழுதினால் இவன் புளுகுகிறான் என்பீர்கள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆறடி வெள்ளைக்காரன் குச்சியோடு குப்புறப் படுத்தான். நாற்காலியில் இருந்த அவன் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு தரையில் படுத்தாள். மிஸ் படுத்தார். நான் எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியாது. எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். குச்சியின் நுனி உரசியதில் கலைந்த குளவிகள் ஒரு கூட்டமாக வெளியே வந்து, ஆட்களைத் தேடிச் சுற்றிப் பார்த்து, ஒருவரும் அசையாததால் மெல்ல மெல்லத் திரும்பிப் போயின.

படுத்தவர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்பு தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"மன்னிச்சுக்கம்மா. வாயத் தொறந்துட்டேன். இனிமே பேச மாட்டேன்."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, தலையைக்கூடத் தூக்காமல், வெள்ளைக்காரன் பயபக்தியோடு கேட்டான். "சார், மே ஐ கெட் அப் நவ்?"

கலா குசினி வாசலில் நின்றாள். "அப்பா, எந்திரிக்கலாமான்னு கேக்குறாரு."

"நீயே சொல்லும்மா. ஓன் இங்கிலீசுதான் நல்ல இங்கிலீசு."

"நான் சொன்னா எந்திரிக்க மாட்டாரு போலப்பா. நீங்க போய்ச் சொல்லுங்க." கலா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சத்தமாவே சொல்லுங்க."

அப்பு வெளியே வந்தார். "கமான்!" என்றார். "கெட் அப்! கம்! ஈட்!" நாங்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகப் போய், ஒன்றாகச் சாப்பிட்டோம். மிஸ் இரண்டாம் முறை சோறு வாங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "மோர்!" என்று ஒரு சத்தம் போட்டதும் தட்டை நீட்டிவிட்டார்.

அந்தத் தம்பதி என்ன எழுதினார்கள் தெரியுமா? "அம்மாவுக்குப் பிறகு எங்களை இப்படி அதட்டிச் சாப்பிட வைத்தவர் இவர்தான். கட்டாயம் போங்கள், சொன்னபடி கேளுங்கள்." அதற்குப் பிறகு வருகிறவர்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே, சத்தம் போடுகிற ஐயா எங்கே என்றுதான் கேட்கிறார்களாம். ஒருநாள் அப்பு மறதியாக "வுட் யூ லைக்" என்று ஆரம்பித்தபோது ஒரு ஜெர்மன்காரி முகம் வாடிப்போய், கலாவிடம் முறையிட்டிருக்கிறாள்.

போன மாதம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தெமோதரை ஸ்டேஷன்வரை வழியனுப்ப வந்தார். வழியெல்லாம் பூப்போலத் தமிழில் பேசிக்கொண்டு வந்தவர், ரயில் நகர்ந்ததும் கையை இடுப்பில் வைத்து, "கமான்! கோ! ஈட் வெல்! கம் பேக்!" என்றார். மேடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூச்சத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ரயில் மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. அண்ணாந்து பார்த்தேன். மேடையின் இந்தப் பக்கத்துக்கு வந்து, இடுப்பில் வைத்த அதே கையோடு, அப்பு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். "கம் பேக்!" என்று இன்னொரு முறை மேலேயிருந்து இறங்கி வந்தது.

பெட்டியில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அடிவயிற்றிலிருந்து "யெஸ், அப்பு! ஐ வில் கம்!" என்று கத்தினேன். யாருக்கும் பயப்படாமல் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?