பாரோ, லெண்ட், பின்வரிசை உளவாளி

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். புது ஆள் யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பேன். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்று யோசிப்பேன். இந்தக் குணத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் குழப்பிக்கொள்ளும் ஜோடிச் சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பேர் (பேர் வைத்தவன் நான்தான்). ஆழ்வார்குறிச்சியில் எஸ்தர் என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெண்வீட்டார் பதிலுக்காக அம்மாவின் செல்போனை நான்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கட்டடத்தில் இன்னொரு வகுப்பு முளைத்தது. என் விளம்பர வாசகம் அப்படியே அவன் பலகையிலும் இருந்தது. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம். மாணவர்கள் வியர்த்து வழிந்தபடி இங்கிலீஷ் பேசினார்கள்.

ஒரு நாள் மாலை, இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று போட்டிருந்ததை நம்பி ஒரு பெரியவர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பின்வரிசையில் உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை. பாடத்தை விட்டுவிட்டு என் செருப்பையும் விரல் நகத்தையும் உற்றுப் பார்த்தார். இடைவேளையில், என்னிடம் படித்துக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் முத்துக்குட்டி அண்ணாச்சி கீழே டீக்கடையிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"சார், அந்த ஆளு கீழ உங்களப் பத்தித்தான் விசாரிக்காரு. சிகரெட் குடிப்பியளா, எத்தன பேரு படிக்காக, சாயங்காலம் எங்கன போவியன்னு ஒண்ணுவிடாம கேக்காரு."

"எதிர்த்த வகுப்புக்காரன் அனுப்பின ஆளு," என்றேன்.

"வெரட்டிருவமா சார்?"

"வேண்டாம் அண்ணாச்சி. வந்தவரு பாடத்தக் கொண்டுபோகட்டும். ஆனா தப்பாக் கொண்டுபோகட்டும்."

பெரியவர் மேலே ஏறி வருமுன், இனி நான் சொல்வதெல்லாம் தலைகீழ் என்று மாணவர்கள் காதில் போட்டேன். பிறகு பலகையில் பெரிதாக எழுதினேன்: பாரோ என்றால் இரவல் கொடுப்பது, லெண்ட் என்றால் இரவல் வாங்குவது. டீச் என்றால் படிப்பது, லேர்ன் என்றால் படிப்பிப்பது. அடியில் கோடும் போட்டேன். முத்துக்குட்டி அண்ணாச்சி நான் சொல்லாமலே எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம் தன் குடையை நீட்டி, "ஐ பாரோ யூ மை அம்பர்லா!" என்று முழங்கினார். வகுப்பே கைதட்டியது.

பெரியவர் பைய எழுந்தார். "தம்பி, ஒருதரம் யோசிச்சுச் சொல்லுங்க. இரவல் வாங்குததுக்குத்தான பாரோ?"

"இல்ல சார். ரொம்பப் பேரு அப்படித்தான் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காக."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் தம்பி," என்றார். பரவாயில்லை, படித்த உளவாளியாகத்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெற்றிக் களிப்போடு வீட்டுக்குப் போனால் அம்மா செல்போனும் கையுமாக வாசலில் நிற்கிறாள்.

"ஏலே, பொண்ணோட தாய்மாமா, அதான் நாம போன அன்னைக்கு ஊர்ல இல்லாதவுக, உன் வகுப்புக்கு வந்தாகளாம்லே! பையனுக்குக் குடி இல்ல, சிகரெட் இல்ல, இங்கிலீஷும் இல்லன்னு சொல்லிட்டாக!"

பெண் கொடுக்குமுன் ஆள் அனுப்பிப் பையனை நோட்டம் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சித்தப்பா மகளுக்காக ஒரு செருப்புக்கடைக்காரப் பையனை விசாரிக்கப் போய், வாங்காத செருப்பையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவனே நான்தான். என் விஷயத்தில் மட்டும் அது மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை முத்துக்குட்டி அண்ணாச்சியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். எஸ்தர் வீட்டில் தாய்மாமா இருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அசையவில்லை.

"நேத்து சொன்னது பொய்யின்னா இன்னைக்குச் சொல்லுதது மட்டும் எப்படி மெய்யாவும்?" என்றார்.

"நான் சாட்சி சார்," என்றார் முத்துக்குட்டி அண்ணாச்சி.

"நீங்க அந்தக் குடைக்காரருல்லா?"

சாட்சியும் போயிற்று. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடியபோது உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். எஸ்தர் வாசல்படிக்கு வந்து என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "வீட்டுக்கு வாற ஆளையெல்லாம் இப்படித்தான் சந்தேகப்படுவியளா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் வாய் உளறிவிட்டது. "அநேகமா எல்லாரையும்," என்றேன்.

அவள் தாய்மாமாவைப் பார்த்தாள். "மாமா, இவுக பொய் சொல்லல. இப்படிப் பொய் சொல்ல யாருக்கும் வராது."

கல்யாணத்தன்று கோயிலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் மாமா கையை நீட்டினார். "மாப்ள, அந்தப் பேனாவ லெண்ட் பண்ணிக்கிடட்டா?" பாடகர் குழு வரைக்கும் சிரித்தது.

இன்றும் பார்சல்காரர் மணியடித்தால் அடுக்களையிலிருந்து எஸ்தர் குரல் கொடுப்பாள்: "ஆள் வந்திருக்கு, பலகையில மாத்தி எழுதுங்க!" பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறப்பேன். அதற்குமுன் ஜன்னல் வழியாக ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.