பழைய மனுஷன் செத்த செய்திக்கு ஒரு திருத்தம்

ஆண்டவருக்குள் பிரியமான மச்சானுக்கு,

ஸ்தோத்திரம். நான் உயிரோடு இருக்கிறேன். இன்று காலை பத்தேகாலுக்கு இந்த ஊர்ச் சுகாதார நிலைய மருத்துவர் என் கையைப் பிடித்துப் பார்த்து இதை உறுதிசெய்தார். நாடித்துடிப்பு எழுபத்தாறு. ஆகவே நேற்று நம் சபைக்குத் தொலைபேசியில் வந்த தகவல் தவறு. சபைப் பத்திரிகையின் ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் என் படத்தைத் தேடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நீங்களும் அக்காவும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது இது. பத்து நாள் ஊழியப் பயணத்துக்கு வெளிநாடு வந்த எங்கள் குழுவில் மூன்று பேர்: நம் பாஸ்டர், பாட்டுக்கு வந்த கிட்டார் தம்பி, பயண அறிக்கை எழுத நான். அவர்கள் இருவருக்கும் நாற்பதுக்குள். எனக்கு அறுபத்தெட்டு. ஞாயிறு ஆராதனைக்கு நான் போகவில்லை. விமானத்தில் வீங்கிய கால் செருப்புக்குள் நுழைய மறுத்ததால், அறையில் ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆராதனையில் மொழிபெயர்க்க நின்றவர் உள்ளூர்த் தையற்காரர். அம்மா தமிழ் பேசியவர் என்பதால் இவருக்கு வீட்டுத் தமிழ் சுத்தமாகத் தெரியும். சபைத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பாஸ்டர் தன் சாட்சியைச் சொன்னார். கோபமும் பெருமையும் தன்னைவிட்டுப் போனதை, நாம் வழக்கமாகச் சொல்கிற மாதிரியே சொன்னார்: "பழைய மனுஷன் செத்துட்டான்! அவன அடக்கம் பண்ணியாச்சு! அல்லேலூயா!"

தையற்காரர் மேடையைப் பார்த்தார். குழுவில் பழைய மனுஷன் ஒருவர்தான். அவருடைய நாற்காலி காலி. மொழிபெயர்த்துவிட்டார்.

சபையே அழுதது. பாஸ்டர் அறைக்கு ஓடிவந்து, "அங்கிள், எழுப்புதல் வந்துருச்சு! அழாத கண்ணே இல்ல!" என்றார். நானும் குறிப்பேட்டை எடுத்து, 'அழுதவர்கள் சுமார் அறுபது' என்று எழுதிவைத்தேன்.

திங்கள் காலை இரண்டு பெண்கள் பூங்கொத்தோடு வந்தார்கள், கூடவே தையற்காரர். கதவைத் திறந்த என்னைப் பார்த்து அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நீங்க அவரோட தம்பியா?"

"எவரோட?"

"செத்துப்போன பெரியவரோட."

"யாரு சொன்னா?"

"உங்க பாஸ்டர்தான் சார், மைக்குல. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நான்தான் மரியாதையா இருக்கட்டும்னு சோகமா மாத்திச் சொன்னேன்."

நான் விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள், பெண்கள் இறந்தவரின் தம்பிக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்தச் சபையின் செயலாளர் காரியத்தில் கெட்டிக்காரி. எங்கள் பாஸ்போர்ட்டுகள் அவரிடம்தான் இருந்தன. என்னுடையதை எடுத்துப்போய்ப் பதிவு அலுவலகத்தில் மரணத்தைப் பதிந்துவிட்டார். உடல் எங்கே என்று கேட்டதற்கு, அடக்கம் முடிந்துவிட்டது என்றாராம். பாஸ்டரே சொன்னாரல்லவா! நம் சபைக்குத் தகவல் சொன்னதும் இந்தச் செயலாளர்தான்.

நான் நேரில் போய் எழுத்தர் முன் நின்றேன். அவர் என் முகத்தையும் பாஸ்போர்ட் படத்தையும் மூன்று முறை மாறி மாறிப் பார்த்தார். அவர் சொன்னதைத் தையற்காரர் தமிழில் சொன்னார்: "நீங்கதான்னு அவருக்கே தெரியுதாம் சார். ஆனா செத்தவங்க மனு குடுக்க முடியாதாம். வீட்டுக்காரங்க குடுக்கணுமாம். இல்லன்னா, எந்த மேடையில சொன்னாங்களோ அதே மேடையில சாகலன்னு சொல்லணுமாம். அவரே வந்து கேப்பாராம்." பாஸ்போர்ட் அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. சனிக்கிழமை விமானம். அது கைக்கு வராவிட்டால் மற்ற இருவரும் ஊர் வந்து சேர்வார்கள், நான் இங்கேயே காலமானவனாகக் காலம் தள்ள வேண்டும்.

உங்கள் தங்கைக்குப் போன் செய்தேன்.

"நான்தான் பேசறேன்."

"நான்தான்னா யாரு? அவரு போயிட்டாருன்னு சபையில சொல்லிட்டாங்களே."

"நான்தாம்மா."

"அப்படின்னா, பீரோ சாவி எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"எனக்கென்ன தெரியும்?"

அழுதுகொண்டே, "நீங்களேதான்," என்றாள். மனு எழுதித் தரட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்று மாலைக் கூட்டத்தில் பாஸ்டர் அறிவித்துவிடுவார். இனி தப்பு நடக்கக் கூடாது என்று, மத்தியானம் மூன்று மணிநேரம் தையற்காரரை உட்காரவைத்துச் சபைத் தமிழ் முழுவதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நிம்மதியாக இருங்கள். அக்காவுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். ஆண்டவர் உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை (இருக்கிறவன்)

பி.கு.: கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். பாஸ்டர் என் தோளில் கைபோட்டு, "அவர் உயிரோட இருக்காரு!" என்று முழங்கினார். தையற்காரர் மத்தியானப் பாடத்தை மறக்கவில்லை. சபையில் 'அவர்' என்றால் ஆண்டவர் என்று தெரிந்துகொண்டவர், அப்படியே மொழிபெயர்த்தார். சபை எழுந்து நின்று ஆமென் சொன்னது. பிறகு வரிசையில் வந்து, அண்ணனைப் பறிகொடுத்த என் கையைப் பிடித்துத் தேற்றியது. எழுத்தரும் ஆமென் சொன்னார். ஆனால் அந்த அறிவிப்பு வேறொருவரைப் பற்றியது, இந்தக் கோப்புக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டார். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். எனவே மேலே சொன்னதை விட்டுவிட்டு, உங்கள் தங்கையிடம் மனு எழுதி வாங்கி உடனே மின்னஞ்சலில் அனுப்புங்கள். என்னைக் குறிப்பிடும் இடத்திலெல்லாம் என் முழுப்பெயரையே எழுதச் சொல்லுங்கள். 'அவர்' வேண்டவே வேண்டாம். நாளை அலுவலகத்துக்கு விடுமுறை. வியாழன் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள்.